கதைத்து என்ன வரப்போகிறது?

கேள்வி: என் அக்காவுக்கு 41 வயது. உப்புவெளியில் இருக்கிறா. அத்தான் கடற்தொழில் செய்தவர். இரண்டு வருடமும் நாலு மாதமும் முன்பு ஒருநாள் விடியப்புறம் கடலால வந்து நெஞ்சு எரியுது என்றார். அக்கா இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துப் படுக்கச் சொன்னா. ஒரு மணித்தியாலம் கழித்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் போய்விட்டது. அன்றிலிருந்து அக்கா கடற்கரைப் பக்கம் போவதில்லை, வீட்டில் மீன் இல்லை. இரவில் அத்தானுக்கும் ஒரு கோப்பையில் சோறு போட்டு மூடி வைக்கிறா. அவருடைய சாரம் தோய்க்காமல் தலையணைக்குக் கீழே இருக்கிறது. மகளுக்கு 15 வயது. அவள் சாப்பிட்டாளா என்றுகூடக் கேட்பதில்லை. படங்களையெல்லாம் மாமா எடுத்து ஒளித்து வைத்துவிட்டார். நித்திரைக் குளிசை எடுக்கிறா. மனநலக் கிளினிக்குக்குப் போவோம் என்றால், "கதைச்சு என்ன வரப்போகுது, அவர் எழும்பி வருவாரோ?" என்கிறா. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. (தங்கை, திருகோணமலை)

பதில்: எழும்பி வரமாட்டார். அக்கா கேட்டது நியாயமான கேள்வி, அதற்கு நேரான பதில் இதுதான். கிளினிக்குக்குப் போனால் மறந்துவிடலாம், பழைய ஆளாகிவிடலாம் என்று வீட்டில் யாராவது ஆசை காட்டியிருந்தால் அந்தப் பேச்சை முதலில் நிறுத்துங்கள். மறக்கடிக்கிற சிகிச்சை ஒன்று கிடையாது. அக்கா உள்ளூரப் பயப்படுவதும் அநேகமாக அதற்குத்தான்: துயரம் குறைந்தால் அவரைக் கைவிட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று. சிகிச்சையின் வேலை வேறு. இழப்பின் துயரம் பெரும்பாலானவர்களுக்கு மெல்ல மெல்லத் தானாகவே ஓரிடத்தில் அமர்ந்துவிடும். சிலருக்கு வழியில் எதுவோ அடைத்துக்கொள்கிறது. அந்த அடைப்பு எதுவென்று கண்டு எடுப்பதற்குத்தான் உளச்சிகிச்சை.

இது நோயா, பாசமா என்று உங்கள் வீட்டில் வாக்குவாதம் நடந்திருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நீடித்த துயரம் அதில் தனி நோயாக இடம்பெற்றிருக்கிறது. இழப்பு நடந்து குறைந்தது ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். ஏக்கமோ, இறந்தவரைப் பற்றிய நினைவோ ஆளை விடாமல் பிடித்திருக்க வேண்டும். அது அந்தச் சமூகத்தின், சமயத்தின் வழமைக்கு மிஞ்சியதாக இருக்க வேண்டும். அமெரிக்க மனநல வைத்தியர்களின் கைநூல் அதே ஆண்டு மார்ச்சில் இன்னும் இறுக்கமான கணக்கை வைத்தது: பெரியவர்களுக்கு 12 மாதம், பிள்ளைகளுக்கு 6 மாதம். நம் ஊருக்கு அந்த 12 மாதக் கணக்கே பொருந்தும் என்பேன். ஆட்டைத் திவசம் முடியுமுன் ஒருவரின் அழுகையை அளந்து பார்ப்பது சரியல்ல.

அதே கைநூல் எட்டு அறிகுறிகளைச் சொல்கிறது. தன்னில் ஒரு பாகம் செத்துவிட்டது போன்ற உணர்வு, அவர் இல்லை என்பதை நம்பமுடியாமை, அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, கடும் மனவேதனை, மற்றவர்களோடும் அன்றாட வேலைகளோடும் மீண்டும் சேரமுடியாமை, மரத்துப்போன நிலை, வாழ்வில் பொருளில்லை என்ற எண்ணம், கடும் தனிமை. கடைசி ஒரு மாதமாக அநேகமாக நாள்தோறும் இவற்றில் குறைந்தது மூன்று இருந்தால் கணக்கில் வரும். உங்கள் கடிதத்திலேயே இரண்டு மூன்று தெரிகிறது. கடிதத்தை வைத்து நோய் என்று எழுதிவிட முடியாது, ஆனால் காட்டவேண்டிய நிலை என்று துணிந்து சொல்லலாம்.

காட்டும்போது மனச்சோர்வா, அதிர்ச்சியின் பின்விளைவா, நீடித்த துயரமா என்று பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மனச்சோர்வில் எதிலும் மனம் ஒட்டாது, தான் எதற்கும் உதவாதவள் என்ற எண்ணம் எல்லாவற்றிலும் பரவிக் கிடக்கும். அதிர்ச்சியில் முன்னால் நிற்பது பயம். துயரத்தில் முன்னால் நிற்பது ஏக்கம், குற்றவுணர்வும் அந்த ஒரு மரணத்தைச் சுற்றியே இருக்கும். மூன்றும் ஒருவரிலேயே சேர்ந்திருப்பதும் உண்டு. இடையில் யாராவது 'துயரத்தின் ஐந்து கட்டங்கள்' என்று தொடங்கினால் அதிகம் காது கொடுக்க வேண்டாம். 1969இல் எலிசபெத் குப்ளர்-ரோஸ் அதை எழுதியது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பார்த்து. பிரிந்தவரை நினைத்து அழுகிறவர்கள் ஏறவேண்டிய ஐந்து படி அல்ல அது.

அக்காவிடம் அடைத்துக்கொண்டிருப்பது எது? என் கணிப்பில் இரண்டு. ஒன்று அந்த இஞ்சித் தேத்தண்ணி. 'உடனே ஓட்டோவைக் கூப்பிட்டிருந்தால்', 'எரிவு என்று நினைக்காமல் இருந்திருந்தால்' என்று மனம் அந்த ஒரு மணித்தியாலத்தையே சுற்றிக்கொண்டிருக்கும். கேட்பவருக்கு இது தன்னைத் தானே தண்டிப்பதாகத் தெரியும். உண்மையில் இதற்குள் ஒரு ஒதுங்கிடமும் இருக்கிறது. அந்த மணித்தியாலத்துக்குள் நிற்கும்வரை அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், இன்னும் நேரம் இருக்கிறது. அதைத் தாண்டினால்தான் மரணம். அதனால் மனம் தாண்டுவதில்லை.

மற்றது தவிர்ப்பு. உப்புவெளியில் இருந்துகொண்டு கடலைத் தவிர்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்று யோசித்துப் பாருங்கள். விடிய எஞ்சின் சத்தம், தெருவில் மீன்காரரின் ஹோர்ன், காற்றில் கருவாட்டு மணம். ஒவ்வொரு முறை யன்னலைச் சாத்தும்போதும் சற்று ஆறுதல் கிடைக்கிறது. அதே நேரம் 'இதை என்னால் தாங்க முடியாது' என்ற நம்பிக்கையும் ஒரு பிடி இறுகுகிறது. மாமா படங்களை ஒளித்தது அன்பினால்தான். ஆனால் வீட்டாரே சேர்ந்து 'உன்னால் தாங்க முடியாது' என்று ஒப்பமிட்டுக் கொடுத்தது போல ஆகிவிட்டது.

சிகிச்சை எப்படி நடக்கும் என்று பார்ப்போம். இதற்கென்றே அமைத்து அதிகம் பரிசோதிக்கப்பட்ட முறை அமெரிக்காவின் கத்தரின் ஷியர் உருவாக்கியது. கிழமைக்கு ஒரு அமர்வு, மொத்தம் ஏறத்தாழ 16. முதல் மூன்று அமர்வுகளில் ஆழத்துக்கு இறங்குவதில்லை. அவர்கள் எப்படிச் சந்தித்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்ற கதை முதலில், மரணத்தின் கதை அதற்குப் பிறகு. ஒரு துயர நாட்குறிப்புத் தருவார்கள். ஒவ்வொரு இரவும் அன்று துயரம் மிக உயர்ந்த நேரம் எது, மிகக் குறைந்த நேரம் எது, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது, பத்துக்கு எத்தனை என்று இரண்டு வரி எழுதவேண்டும். சாதாரணமாகத் தோன்றும், ஆனால் 'எந்நேரமும் ஒரே மாதிரித்தான்' என்று சொல்பவர்கள் ஒரு கிழமைக்குள் ஒன்பதும் நாலும் எழுதியிருப்பதைத் தாங்களே பார்ப்பார்கள். நாலு வந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் சிகிச்சையாளருக்கு வேண்டிய தகவல். மூன்றாவது அமர்வுக்கு வீட்டிலிருந்து ஒருவரை அழைப்பார்கள். நீங்கள் போங்கள்.

நாலாவது அமர்வளவில் கடினமான பகுதி. கண்ணை மூடி, அந்த மரணத்தை அறிந்த நேரத்திலிருந்து, இப்போது நடப்பது போலவே சொல்லச் சொல்வார்கள். "படலையைத் திறக்கிறார், நெஞ்சில கை வைச்சுக்கொண்டு வாறார்" என்று. பத்துப் பதினைந்து நிமிடம்தான், ஒலிப்பதிவாகும். இடையிடையே வேதனை நூற்றுக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்பார்கள். பிறகு கண்ணைத் திறந்து, என்ன தோன்றியது, எது புதிதாகத் தெரிந்தது என்று நிதானமாகக் கதைப்பது அதே அளவு முக்கியம். அதன்பின் அந்தக் கதையை மூடி ஓரமாக வைப்பதுபோல ஒரு மனக்காட்சி. அன்று வீட்டுக்குப் போய்த் தனக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைச் செய்வதற்கும் முன்கூட்டியே திட்டம் இருக்கும். அந்தப் பதிவை வீட்டில் நாள்தோறும் கேட்க வேண்டும். அடுத்தடுத்த கிழமைகளில் திரும்பவும் சொல்ல வேண்டும்.

இது கொடுமையாக இல்லையா என்று கேட்பீர்கள். அக்கா ஏற்கனவே ஒவ்வொரு இரவும் அந்த மணித்தியாலத்துக்குள் தனியே போய் வருகிறார், பாதியில் நிற்கிறார். இங்கே துணையோடு போகிறார், கடைசிவரை போகிறார், கதவை மூடிவிட்டு வெளியே வருகிறார். திரும்பத் திரும்பச் சொல்லும்போது விட்டுப்போன சில்லறை விவரங்கள் வரும். 'படுத்தால் சரியாகிவிடும்' என்று அவரே சொன்னது, அவர் இதற்கு முன்னும் எரிவுக்கு இஞ்சி கேட்டுக் குடித்தது, இப்படி ஏதாவது. மாரடைப்பு பலரில் வெறும் நெஞ்செரிவு மாதிரியே தொடங்கும் என்ற மருத்துவ உண்மையும் அப்போதுதான் உள்ளே இறங்கும். 'உங்கள் பிழை இல்லை' என்று வீட்டார் நூறு முறை சொல்லியிருப்பீர்கள். அது ஒட்டாமல் போனதற்குக் காரணம் அது வெளியிலிருந்து வந்ததுதான். சிகிச்சையாளர் அதைச் சொல்ல அவசரப்படமாட்டார். 'அந்த நேரம் உங்களுக்குத் தெரிந்தது என்ன?' என்றுதான் கேட்பார்.

ஐந்தாவது அமர்விலிருந்து வெளியுலகப் பயிற்சி சேரும். தவிர்ப்பவற்றைப் பட்டியலிட்டு, குறைந்த வேதனை தருவதிலிருந்து ஏறுவார்கள். அக்காவுக்கு அது இப்படி அமையலாம்: பஸ்ஸில் போகையில் தலையைத் திருப்பாமல் கடலைப் பார்ப்பது, பின்னேரம் உங்களோடு கரையில் பதினைந்து நிமிடம், பிறகு தனியே, பிறகு வள்ளங்கள் வரும் காலை நேரம், ஒருநாள் அங்கேயே அறக்குளா வாங்கி வந்து அவருக்குப் பிடித்த மாதிரிக் குழம்பு. ஒரே படியைக் கிழமை முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் பலன். ஒருநாள் போய்வந்து 'சரி, போயாச்சு' என்று விட்டால் ஒன்றும் மாறாது. அதைவிட மோசம், வேறு இடத்துக்கென்று கூட்டிப்போய் திடீரெனக் கரையில் இறக்குவது. அதை யாரும் செய்துவிடாதீர்கள். அடுத்த முறை வீட்டைவிட்டே வெளிக்கிட மாட்டார்.

இதற்கெல்லாம் பக்கத்தில் முதலிலிருந்தே இன்னொன்றும் நடக்கும். 'இந்தத் துயரம் கையாளக்கூடிய அளவுக்கு வந்தால் உங்களுக்கென்று என்ன செய்ய ஆசை?' என்று ஒவ்வொரு அமர்விலும் கேட்பார்கள். தையல் மெஷினைத் திறப்பது, மகளோடு கோணேசர் கோயிலுக்குப் போவது, எதுவானாலும். முதலில் 'ஒன்றுமில்லை' என்றுதான் வரும். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் சுட் என்ற இருவர் 1999இல் முன்வைத்த கருத்தின்படி, துயரப்படுபவர் இழப்பின் பக்கமும் வாழ்வின் பக்கமும் மாறி மாறிப் போய்வருவதுதான் ஆரோக்கியம். எந்நேரமும் அழுவதும் சிக்கல், அழாமலே வேலையில் மூழ்குவதும் சிக்கல். நம் சடங்குகளுக்கு இந்த நிதானம் முன்பே தெரியும். எட்டு, 31இல் அந்தியேட்டி, ஆட்டை, பிறகு ஆண்டுதோறும் தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திராப் பௌர்ணமி என்று துயரத்துக்கு நாள் குறித்துத் திறந்து, நாள் குறித்து மூடியிருக்கிறார்கள். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையே இராவணன் தாய்க்குச் செய்த கிரியையோடு சேர்த்துக் கதை சொல்கிற ஊர் இது. கோயிலா கிளினிக்கா என்று அக்காவைத் தெரிவு செய்யச் சொல்லாதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று தடுக்காது.

ஆறாவது அமர்விலிருந்து நினைவுகளுக்கு எழுத்துவேலை உண்டு. நல்ல நினைவுகள் முதலில். பிறகு அவரிடம் பிடிக்காதவையும். மனிதரைத் தெய்வமாக்கி வைத்திருக்கும்வரை அவரை இழந்த மனிதராக நினைக்க முடியாது. மாமாவிடம் சொல்லி அந்தப் படங்களை இப்போதே வாங்கி வையுங்கள், இதற்குத் தேவைப்படும். பத்தாவது அமர்வில் இதுவரை எது நகர்ந்தது என்று பார்ப்பார்கள். அதன்பின் வருவது அவரோடு ஒரு கற்பனை உரையாடல். அக்கா அவரிடம் கேட்கவேண்டியதைக் கேட்பார், பிறகு அவராக இருந்து பதிலையும் தானே சொல்வார். தேத்தண்ணிக் கேள்விக்கு அவர் வாயால் பதில் வருவது பெரும்பாலும் இங்கேதான்.

சோற்றுக் கோப்பையை நிறுத்த வேண்டுமா? உடனே வேண்டாம். படையல் வைப்பது நம் வழமை, அதில் நோய் எதுவும் இல்லை. கவனிக்கவேண்டியது வைத்தபிறகு நடப்பதை. வைத்துவிட்டுச் சற்று ஆறிப் போய்ப் படுக்கிறாரா, அல்லது வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாரா? முதலாவது என்றால் நினைவு, இரண்டாவது என்றால் காத்திருப்பு. அதே போலத்தான் சாரமும். அதைத் தோய்த்துப் போடும் உரிமை உங்கள் யாருக்கும் இல்லை. சிகிச்சை நன்றாகப் போனால் ஒருநாள் அவரே மடித்து அலுமாரியில் வைப்பார்.

பலன் எவ்வளவு என்று கேட்பது நியாயம். ஷியர் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில் 95 பேர். இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 51 சதவீதமானோருக்கும், மனச்சோர்வுக்கு வழமையாகக் கொடுக்கும் ஓர் உளச்சிகிச்சை பெற்றவர்களில் 28 சதவீதமானோருக்கும் தெளிவான முன்னேற்றம். 2016இல் 395 பேரோடு நடந்த ஆய்வு மருந்தையும் சேர்த்துப் பார்த்தது. துயரச் சிகிச்சையோடு மனச்சோர்வு மருந்தைச் சேர்த்தபோது மனச்சோர்வு அதிகம் குறைந்தது, துயரத்தில் அது கூடுதலாக எதையும் செய்யவில்லை. மனச்சோர்வும் இருந்தால் வைத்தியர் மருந்து தருவார், எடுக்கட்டும். ஆனால் குளிசையே இந்த அடைப்பை எடுத்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் ரிச்சர்ட் பிரையன்ட் 2014இல் காட்டியது இன்னொன்று: மரணத்தின் நினைவை நேருக்கு நேர் சந்திக்கும் நாலு தனி அமர்வுகளைச் சேர்த்தவர்களுக்கே அதிக பலன். அழுகை வருமே என்று அந்தப் பகுதியைத் தவிர்த்துவிட்டு ஆறுதல் மட்டும் சொல்கிற சிகிச்சை மாதக்கணக்கில் இழுபடலாம்.

நித்திரைக் குளிசை பற்றித் தனியாக. இழப்பில் இருப்பவர்களுக்கு, வேறு மனநோய் இல்லாதபோது, பென்சோடயசெபைன் வகைக் குளிசை கொடுக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2013இல் சொன்ன அறிவுரை. அக்காவின் குளிசை அந்த வகையா என்று அட்டையைக் கொண்டுபோய் வைத்தியரிடம் கேளுங்கள். நீங்களாகச் சடுதியாக நிறுத்தக் கூடாது. நீண்டநாள் எடுத்தவர் திடீரென விட்டால் நித்திரை முற்றாகக் குழம்பும், வலிப்புக்கூட வரலாம். படிப்படியாகக் குறைப்பது வைத்தியரின் வேலை.

எங்கே பிழைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விட்டுவிடலாம் என்று தோன்றக்கூடியது ஐந்தாவது, ஆறாவது கிழமையளவில். கதையைச் சொல்லத் தொடங்கியதும் முதலில் வேதனை கூடும். 'கிளினிக்குக்குப் போய்த்தான் கூடிப்போச்சு' என்று வீட்டார் மறிக்கிற கட்டமும் அதுதான். அந்த நேரம் நிறுத்துவது காயத்தைத் திறந்துவிட்டுத் தைக்காமல் வீட்டுக்கு அனுப்புவதற்குச் சமம். வேதனை தாங்கவில்லை என்றால் சிகிச்சையாளரிடம் சொல்லி வேகத்தைக் குறைக்கலாம், விட்டுவிடக் கூடாது. இன்னொரு பிழை, உபதேசம். 'மகளுக்காகத் தைரியமாக இருங்கள்' என்று முடிகிற அமர்வு உளச்சிகிச்சை அல்ல, அதை மாமாவே இலவசமாகச் செய்வார்.

நம் ஊரின் ஒரு தடையை எந்த வெளிநாட்டுக் கைநூலும் எழுதியிருக்காது. துணிந்து வெளியே வரும் பெண்ணிடம் 'தாலியில்லாத நீ முன்னுக்கு நிற்காதே' என்று சாமத்திய வீட்டில் ஒரு கிழவி சொன்னால் ஆறு கிழமை வேலை ஐந்து நிமிடத்தில் போய்விடும். அக்கா ஒரு விசேஷத்துக்குப் போகத் தீர்மானித்தால் அந்த வீட்டாரோடு நீங்கள் முன்கூட்டியே கதையுங்கள். எங்கே இருப்பார், யார் பக்கத்தில், யார் வாய் திறக்கக் கூடாது என்பது வரை.

மகளையும் பாருங்கள். அவளும் தகப்பனை இழந்தவள், அதன்பின் தாயின் கவனத்தையும் இழந்து நிற்கிறாள். அவளோடு இருந்து அப்பாவின் பெயரைச் சொல்லிக் கதையுங்கள். பள்ளிக்கூடத்தில் ஆலோசனை ஆசிரியர் இருந்தால் அவருக்கும் தெரியட்டும்.

கட்டாயம் கேட்கவேண்டிய ஒன்று இருக்கிறது. அக்காவிடம் தனியாக, நேராகக் கேளுங்கள்: "அவரிட்டப் போயிடலாம், சாகலாம் எண்டு நினைக்கிறியோ?" கேட்பதால் அந்த எண்ணம் வராது. இருந்தால், சொல்ல ஓர் ஆள் கிடைத்ததென்று ஆறுவார். 'ஓம்' என்றால் தனியே விடாதீர்கள், குளிசைகளையும் கிருமிநாசினிகளையும் வீட்டிலிருந்து அகற்றுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் எந்நேரமும் எடுக்கலாம். உடனடி ஆபத்து என்றால் 1990 அம்புலன்ஸ்.

எங்கே போவது? திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் தொடங்குங்கள், அரச சேவை இலவசம். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். சிகிச்சையின் பெயரை யாரிடமும் கேட்டுக் குழம்ப வேண்டாம். தனி அறையில் கிழமைக்கு ஒருமுறை ஒரே ஆளைச் சந்திக்க முடியுமா, மரணத்தைப் பற்றி நேராகக் கதைப்பார்களா, அமர்வுகளுக்கு இடையில் வீட்டுப் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். மூன்றுக்கும் 'ஓம்' என்றால் போதும்.

அக்காவைக் கூட்டிப்போகும் சொல்லை மட்டும் மாற்றிப் பாருங்கள். "அத்தானை மறக்கிறதுக்கு இல்லை, அக்கா. அந்த விடியப்புறத்தைத் தவிர அவரைப் பற்றி வேற ஒண்டையும் உன்னால நினைக்க முடியேல்ல. மிச்சத்தைத் திரும்ப எடுக்கத்தான் போறம்." ஒரு நாள் மட்டும் என்று கேளுங்கள். குளிசை அட்டையையும், கிளினிக் கொப்பி இருந்தால் அதையும், மாமாவிடமிருந்து வாங்கிய படங்களில் அக்காவே தெரிவு செய்த ஒன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.